வாசகர் கேள்வி – பதில்: பழியை மதர்போர்டின் மேல் போடுவதற்கு முன்

கேள்வி: எங்கள் வீட்டு மேசைக் கணினி குறைந்த விலை வகையைச் சேர்ந்தது, ஆறு ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருக்கிறது. 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் சுழலும் 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. கடந்த நான்கு மாதங்களாக, பொத்தானை அழுத்தியதிலிருந்து கணினி வேலைக்குத் தயாராகவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் மவுஸ் அம்பு மட்டும் நகரும், வேறெதுவும் அசையாது. சற்று நேரம் கழித்து, அதுவரை அழுத்தியவையெல்லாம் ஒரே மூச்சில் நடக்கும். சில நாட்களில் எச்சரிக்கை எதுவுமின்றித் தானாக அணைந்துவிடுகிறது. மின்னிணைப்பைப் பிடுங்கிவைத்தால் மறுநாள் கடிகாரம் தவறாகக் காட்டுகிறது. விண்டோஸை இரண்டு முறை புதிதாக நிறுவினோம். ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பியது. பழுதுபார்ப்பவர் பெட்டியைத் திறக்காமலே, "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்கிறார். டாஸ்க் மேனேஜரில் சிபியு 9 சதவீதம், நினைவகம் 58 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம் என்று இருந்தது. பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் குடும்பப் புகைப்படங்கள் அனைத்தும் இதன் டி பிரிவில்தான் உள்ளன. என்ன செய்வது?

பதில்: கணினியைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் கேள்வியின் கடைசி வரியைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் புகைப்படங்களுக்கு வேறு பிரதி இல்லையென்றால், இந்தப் பதிலை முழுவதும் படித்து முடிப்பதற்கு முன்பே கணினியை அணைத்துவிடுங்கள். நீங்கள் விவரித்திருக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கையே சுட்டுகின்றன. பழுதாகத் தொடங்கிய டிஸ்க்கில் இன்னும் எத்தனை மணி நேர வாசிப்பு மிச்சமிருக்கிறது என்பதை யாராலும் சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் நேரத்தைச் சோதனைகளில் செலவழிக்காமல், படங்களைப் பிரதியெடுப்பதில் செலவழிக்க வேண்டும்.

பிரதியெடுப்பதை விண்டோஸின் உள்ளிருந்து செய்யாமல் இருப்பது நல்லது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது அதே டிஸ்க்கில் ஓயாமல் எதையாவது படித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருக்கும். வேறொரு கணினியில், லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பென் டிரைவிலிருந்தே உங்கள் கணினியை இயக்குங்கள். நிறுவச் சொல்லும் பொத்தானைத் தொட வேண்டாம். நிறுவாமலே அது ஓடும். பிறகு டி பிரிவைத் திறந்து, ஈடுசெய்ய முடியாதவற்றை முதலிலும், மறுபடி தரவிறக்கிக்கொள்ளக்கூடியவற்றைக் கடைசியிலுமாக வெளி டிஸ்க் ஒன்றுக்கு நகலெடுங்கள். ஏதாவது ஒரு கோப்பில் நகலெடுப்பு நின்றுவிட்டால் அதனோடு மல்லுக்கட்டாமல் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சீரான இடைவெளியில் ஓசை வருமானால் அத்துடன் நிறுத்திவிட்டு, தரவு மீட்பையே தொழிலாகக் கொண்டவரிடம் ஒப்படைப்பதுதான் சரி.

இந்த நிலையில் செய்யவே கூடாதவையும் உண்டு. செக்டிஸ்க் கட்டளையைக் கொடுத்துப் பழுதான பகுதிகளைத் தேடச் சொல்வது, சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டீஃப்ராக்கைச் செய்வது, மூன்றாவது முறையாக விண்டோஸை நிறுவுவது ஆகிய மூன்றுமே நோயாளியை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வதற்குச் சமம். செக்டிஸ்க் கோப்பு முறைமையின் கணக்கைச் சரிசெய்யும் கருவி. அதற்கு உங்கள் படங்களைக் காக்கும் பொறுப்பு கிடையாது. பிரதி கையில் வந்தபின் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பாருங்கள்.

இனி நோய்க்கு வருவோம். மெதுவாக இயங்கும் கணினி ஒன்று திணறிக்கொண்டு வேலை செய்கிறது, அல்லது வேலையே செய்யாமல் எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்த உதிரிப்பாகத்தையும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் குறித்து அனுப்பிய மூன்று எண்களே இங்கு விடையின் பாதியைச் சொல்லிவிடுகின்றன. சிபியு 9 சதவீதம் என்றால் புராசசர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். நான்கு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி) கொண்ட புராசசரில் ஒரு கோர் மட்டும் முழுவதும் திணறினாலே மொத்தக் கணக்கு 25 சதவீதத்தைத் தொட்டுவிடும் என்பதால், 9 என்பது உண்மையிலேயே சும்மா இருப்பதுதான். நினைவகம் 58 சதவீதம் என்பதால் ரேம் போதாமல் டிஸ்க்கைத் துணைக்கு அழைக்கும் நிலையும் அந்த நேரத்தில் இல்லை. காத்திருப்பது டிஸ்க்குக்காகத்தான்.

ஆனால் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டுவதை மட்டும் வைத்து டிஸ்க் பழுது என்று தீர்ப்பு எழுதிவிடவும் முடியாது. அந்த எண் டிஸ்க்கின் வேகத்தைக் குறிப்பதில்லை. நேரத்தில் எவ்வளவு பங்கு அது ஓய்வின்றி இருந்தது என்பதையே குறிக்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்றுகள் என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய இடம் படிக்கும் தலைப்பகுதியின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி ஆகும். தலைப்பகுதி நகர்ந்து செல்ல இன்னும் எட்டு, ஒன்பது மில்லி விநாடி. ஆக, சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளைப் படிக்கும்போது, முழு நலத்துடன் உள்ள டிஸ்க்கே விநாடிக்குச் சுமார் 80 துண்டுகளைத்தான் எடுத்துத் தரும். துண்டு ஒன்று 4 கேபி என்றால் விநாடிக்கு 320 கேபி மட்டுமே. ஆகையால் 100 சதவீதமும் ஒரு எம்பிக்குக் குறைந்த வேகமும் சேர்ந்து தெரிவது நல்ல டிஸ்க்கிலும் நடக்கக்கூடியதே. பார்க்க வேண்டியது, அதே பக்கத்தில் காட்டப்படும் சராசரி மறுமொழி நேரம். எந்த நிரலும் திறந்திராத வேளையில் அது பத்து, இருபது மில்லி விநாடியாக இருந்தால் கவலையில்லை. ஆயிரம், இரண்டாயிரம் என்று தாவினால் டிஸ்க்கோ அதன் இணைப்போ தடுமாறுகிறது.

அப்படித் தடுமாறுவது ஏன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கான ஹார்ட் டிஸ்க், படிக்க முடியாத ஓர் இடத்தைச் சந்தித்தால் உடனே கைவிரித்துவிடாது. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அந்த முயற்சி பல விநாடிகள் நீளும். அந்த நேரம் முழுவதும் வரிசையில் நிற்கும் மற்றக் கோரிக்கைகள் அனைத்தும் காத்திருக்க நேர்கிறது. மவுஸ் அம்பை நகர்த்த டிஸ்க் தேவையில்லை என்பதால் அது மட்டும் நகர்கிறது. முயற்சி முடிந்ததும் தேங்கியவை எல்லாம் ஒரே மூச்சில் நடக்கின்றன. நீங்கள் எழுதியிருப்பது எழுத்துக்கு எழுத்து இதுதான். புதிதாக நிறுவியபோது ஒரு வாரம் நன்றாக ஓடியதும் இதனோடு பொருந்துகிறது: படிக்க முடியாத இடத்தின் மீது புதிதாக எழுதப்படும்போது, டிஸ்க் அதைச் சோதித்து, தேறாவிட்டால் தன்னிடமுள்ள உதிரி இடமொன்றை அதற்குப் பதிலாக ஒதுக்கிக்கொள்ளும். அதன்பின் புதிய இடங்கள் கெடத் தொடங்கியதும் பழைய தொல்லை திரும்பும். கோளாறு மென்பொருளில் இருந்திருந்தால் இரண்டு புதிய நிறுவல்களுக்குப் பிறகும் அது அதே வடிவத்தில் வந்திருக்க வாய்ப்புக் குறைவு.

உறுதிப்படுத்திக்கொள்ள, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டைப் பாருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரல் அதைக் காட்டும். நீண்ட பட்டியலில் உங்களுக்கு வேண்டியவை நான்கே வரிகள்தான். 05 என்பது ஏற்கெனவே உதிரிக்கு மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காக நிலுவையில் உள்ளவை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. சி7 மட்டும் வேறு சாதி: அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே செல்லும் வழியில் சிதைந்த தரவின் கணக்கு, பெரும்பாலும் கேபிளின் குற்றம். 05 என்பதில் சிறிய எண் ஒன்று மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். சி5, சி6 இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டாலோ, வாரத்துக்கு வாரம் எண் ஏறினாலோ அந்த டிஸ்க்கை நான் நம்ப மாட்டேன். அந்த நிரல் இயல்பாகப் பதினாறடிமானத்தில் எண்களைக் காட்டும் என்பதால் 10 என்று தெரிவது உண்மையில் 16 ஆகும். அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மேலே பச்சையிலோ நீலத்திலோ 'நலம்' என்ற பொருளில் ஒரு சொல் மின்னுவதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அந்தச் சொல்லை மட்டும் நம்பாமல் இந்த நான்கு வரிகளையும் பாருங்கள்.

சி7 உயர்ந்திருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். இந்த எண்ணிக்கை ஒருபோதும் குறையாது. ஆகவே இன்றைய எண்ணைத் தாளில் குறித்துவைத்து, புதிய சாட்டா கேபிளை (டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் தரவுக் கம்பி) போட்டு, மதர்போர்டில் வேறொரு துளையில் செருகி, சில நாட்கள் கழித்து ஒப்பிட வேண்டும். எண் அப்படியே நின்றுவிட்டால் நோய் தீர்ந்தது. எந்த உதிரிப்பாகத்தையும்விட மலிவான இந்தச் சோதனையைச் செய்யாமல் எத்தனையோ நல்ல டிஸ்க்குகள் குப்பைக்குப் போகின்றன என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. விண்டோஸ் தன் பிழைகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியையும் பார்த்துவிடுங்கள். டிஸ்க் என்ற பெயருடன் 7 என்ற எண் இருந்தால் பழுதான இடம். 153 என்றால் ஒரு கோரிக்கையை மறுபடி அனுப்ப நேர்ந்தது. 129 என்றால் பதில் வராததால் இணைப்பையே மீட்டமைக்க வேண்டியிருந்தது. அவற்றின் நேரமும் உங்கள் கணினி உறைந்த நேரமும் ஒன்றினால் ஐயத்துக்கு இடமில்லை.

மதர்போர்டு பற்றிய தீர்ப்பைச் சோதிக்கவும் எளிய வழி உண்டு. பிரதி எடுத்து முடித்தபின், மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கின் இரு கேபிள்களையும் கழற்றிவிடுங்கள். பிறகு அதே லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, இணையப் பக்கங்களைத் திறந்து, ஒரு காணொளியை ஓட்டி, அரை மணி நேரம் பயன்படுத்திப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து படிப்பதால் நிரல்கள் திறக்கச் சற்றுத் தாமதமாகலாம். ஆனால் உறைந்து நிற்கும் அந்தத் தொல்லை அறவே இல்லையென்றால் மதர்போர்டு, புராசசர், ரேம் மூன்றும் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட்டன. மதர்போர்டு என்பது மற்றவை ஒவ்வொன்றாக விடுவிக்கப்பட்ட பிறகு கடைசியில் மிஞ்சும் சந்தேகமாக மட்டுமே இருக்க வேண்டும். திறந்து பார்க்காமலே அதன் பெயரைச் சொல்வது நோயறிதல் ஆகாது. பெட்டியைத் திறக்கும்போது, அதிலுள்ள சிறு உருளை வடிவ கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியோ கசிந்தோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்பியோ கசிந்தோ இருந்தால் பழுதுபார்ப்பவர் சொன்னதில் உண்மை இருக்கலாம்.

தானாக அணைவது வேறொரு கோளாறாக இருக்கக்கூடும். ஒரே பெட்டியில் இரண்டு நோய்கள் இருப்பது பழைய கணினிகளில் சாதாரணம். காணொளி ஓட்டும்போதோ, நீண்ட நேரம் பயன்படுத்திய பிறகோ அணைந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். புராசசர் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய தன் வரம்பை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் மொத்தமாக அணைத்துவிடும். விசிறியில் படிந்த தூசி, புராசசருக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே காய்ந்துபோன பசை, மூலைக் கொக்கிகளில் ஒன்று விடுபட்டுச் சாய்ந்து நிற்கும் குளிர்விப்பான் என்று காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவையே. தூசியை ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கும்போதும் அணைகிறது, அடிக்கடி இரண்டாம் முறை அழுத்தினால்தான் உயிர் பெறுகிறது என்றால், பவர் சப்ளையின் பக்கம் திரும்ப வேண்டும். குறைந்த விலைக் கணினிகளில் முதலில் சிக்கனம் பிடிக்கப்படுவது இதில்தான். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். இதற்கு வெளியே போனால் ஏற்கத்தக்கதல்ல. ஆனால் மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும்; கணநேரச் சரிவுகள் அதில் அகப்படா. நல்லதென்று தெரிந்த இன்னொரு பவர் சப்ளையை இரவல் வாங்கிச் சில நாட்கள் ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. 12 வோல்ட் சரிந்தால் ஹார்ட் டிஸ்க்கின் மோட்டாரும் தடுமாறும் என்பதால், புதிய டிஸ்க் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. பவர் சப்ளையின் உட்பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 என்ற பதிவைப் பார்த்துவிட்டுப் பவர் சப்ளைதான் குற்றவாளி என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்வதில்லை.

கடிகாரம் தவறுவது, மதர்போர்டிலுள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்ததால். மின்னிணைப்பு இருக்கும் வரை கடிகாரம் அதிலிருந்தே உயிர் பெறும்; பிடுங்கினால்தான் பேட்டரியின் முறை வருகிறது. மாற்றிவிடுங்கள், கடிகாரம் தவறியதால் பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ்ப் பிழை காட்டிக்கொண்டிருந்தால் அதுவும் அத்துடன் நின்றுபோகும்.

டிஸ்க்தான் பழுது என்று உறுதியானால், அதன் இடத்தில், மின்னணுச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அதில் இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுங்கள். பழைய டிஸ்க்கின் நகலை அப்படியே ஏற்ற வேண்டாம். சிதைந்த கோப்புகளும் கூடவே வந்து சேரும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லாததால், மேலே கணக்கிட்ட 13 மில்லி விநாடிக் காத்திருப்பு ஒரு மில்லி விநாடிக்கும் மிகக் கீழே இறங்கிவிடும். அதற்கு அடுத்தபடியாக ரேமை 8 ஜிபியாக உயர்த்தலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் தன் பட்டியலிலுள்ள புராசசரையும் கேட்கும். உங்கள் கணினி அதற்குத் தகுதி பெறாவிட்டால், சோதனைக்காகப் பயன்படுத்திய அதே லினக்ஸை நிறுவிக்கொள்வது பிள்ளைகளின் பாட வேலைகளுக்குப் போதுமானது. பழைய டிஸ்க்கைப் படங்களைச் சேமிக்கும் இரண்டாவது டிஸ்க்காகக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: 4 ஜிபி இருந்த கணினியில் இன்னொரு 4 ஜிபி ரேமைச் செருகினேன். 8 ஜிபி என்று காட்டினாலும் பயன்படுத்தத்தக்கது 3.4 ஜிபி என்கிறது. அவ்வப்போது நீலத்திரையும் வருகிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைப்பெயர்.

பதில்: இவை இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். முதலாவது பெரும்பாலும் நீங்கள் 32 பிட் விண்டோஸ் பயன்படுத்துவதால் வருவது. வீட்டுப் பதிப்புகளில் அதன் எல்லை 4 ஜிபி, அதிலும் ஒரு பகுதியை வன்பொருள்கள் எடுத்துக்கொள்ளும். 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏற்கெனவே 64 பிட் என்றால், சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் அதிகபட்ச நினைவகம் என்ற கட்டத்தை யாராவது குறியிட்டு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பிழைப்பெயர் மாறிக்கொண்டே இருக்கும் நீலத்திரை ரேம் பழுதுக்கு உரிய கையெழுத்து. எந்த நிரல் அந்தக் கெட்ட இடத்தில் வந்து அமர்கிறதோ அதன் பெயரில் பிழை வரும். இரண்டு ரேமையும் கழற்றி, தங்க நிறத் தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒன்றை மட்டும் செருகி மெம்டெஸ்ட்86 நிரலை இரவு முழுவதும் ஓட்டுங்கள், மறுநாள் மற்றதை. ஒரேயொரு பிழை காட்டினாலும் அந்த ரேம் ஏற்கத்தக்கதல்ல, இந்தக் கணக்கில் தள்ளுபடி கிடையாது. தனித்தனியே இரண்டும் தேறி, சேர்த்துப் போடும்போது மட்டும் பிழை வந்தால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அல்லது இரண்டாவது துளையில் கோளாறு இருக்கிறது. தேறிய ரேமை அந்தத் துளையில் தனியாகப் போட்டால் எதுவென்று தெரிந்துவிடும்.

கேள்வி: எஸ்எஸ்டி போட்ட பிறகும் என் கணினி மெதுவாகவே இருக்கிறது. பிரவுசரைத் திறந்தாலே சிபியு 100 சதவீதம் ஆகிறது. இரண்டு கோர் கொண்ட பழைய புராசசர்.

பதில்: உங்கள் கணினி எதற்காகவும் காத்திருக்கவில்லை, உண்மையிலேயே திணறிக்கொண்டு வேலை செய்கிறது. டாஸ்க் மேனேஜரில் புராசசரின் அப்போதைய வேகத்தை, அங்கேயே குறிக்கப்பட்டுள்ள அடிப்படை வேகத்துடன் ஒப்பிடுங்கள். சுமை ஏறும் நேரத்தில் அதில் பாதிக்குக் கீழே போகிறது என்றால் வெப்பமோ மின்சேமிப்பு அமைப்போ அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. கருவிகள் புராசசரை இடைமறிக்கும் சுமையைக் காட்டும் சிஸ்டம் இன்டரப்ட்ஸ் என்ற வரி ஓரிரு சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால், யுஎஸ்பி கருவிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது எண் இறங்குகிறது என்று பாருங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் நிரல்கள் ஒரே சமயத்தில் ஓடவும் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால் இன்றைய இணையப் பக்கங்கள் உங்கள் புராசசரின் வலிமைக்கு மேற்பட்டவை. இந்தக் கணினியில் மேலும் எதையும் மாற்றிச் செலவு செய்யாதீர்கள். எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த கணினிக்குக் கொண்டுபோகலாம்.

கேள்வி: இரவுதோறும் கணினியை அணைக்கிறேன். ஆனால் டாஸ்க் மேனேஜர் 23 நாட்களாகத் தொடர்ந்து ஓடுவதாகக் காட்டுகிறது. இது கோளாறா?

பதில்: கோளாறு அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி, அணைக்கும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியை டிஸ்க்கில் உறைய வைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் அந்த நாட்கணக்கு தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே பூச்சியத்திலிருந்து தொடங்கும். வாரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள்.